நிலம் பாதி, பொழுது பாதி

    

"குடும்பத்துக்கு நிம்மதி தருவது ஊருக்கு வெளியே பெரிய வீடா, வேலைக்குப் பக்கத்தில் சின்ன வீடா?" இதுதான் இன்றைய தலைப்பு. நடுவர் அவர்களே, காலையில் கிளம்பும்போது என் மனைவி கேட்டாள், "இன்னைக்கு எந்த அணிங்க?" நான் யதார்த்தமாக, "சின்ன வீட்டை ஆதரிச்சுப் பேசப் போறேன்"னு சொல்லிட்டேன். காபி டம்ளர் மேஜை மேல விழுந்த சத்தத்துல எனக்குப் புரிஞ்சு போச்சு, தலைப்பை முழுசாச் சொல்லணும்னு! (சிரிப்பு) ஆகவே இந்த மேடையிலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசப்போவது சதுர அடியில் சின்ன வீடு. மேற்கு மாம்பலத்தில், முதல் மாடியில், 680 சதுர அடி. அதில் குடியிருப்பது என் ஒரே மனைவி!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி அழகாகப் பேசினார். காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும், வாசலில் ஒரு வேப்பமரம், கொல்லையில் நாலு வாழை, விருந்தாளி வந்தால் படுக்க ஓர் அறை வேண்டும் என்றார். கேட்கும்போது எனக்கே அந்த வீட்டில் குடியேறலாம் போல இருந்தது. ஆனால் ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. அந்த வீட்டில் இருப்பதற்கு நேரம் வேண்டும் என்று சொல்லவே இல்லை.

நான் தமிழ் வாத்தியார். எனக்கு வீட்டு மனைக் கணக்கு அதிகம் தெரியாது. இலக்கணக் கணக்கு கொஞ்சம் தெரியும். அகவாழ்க்கையைப் பாடும் பொருளைத் தொல்காப்பியர் மூன்றாகப் பகுத்தார்: முதல், கரு, உரி. அதில் முதற்பொருள் எது? நிலமும் பொழுதும். கவனிக்க வேண்டும் நடுவர் அவர்களே, நிலம் மட்டும் என்று அவர் சொல்லவில்லை. நிலம் பாதி, பொழுது பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் முதல். நாமும் வீட்டில் 'முதல் போடுகிறோம்' என்கிறோம். என்ன போடுகிறோம்? நிலத்தை மட்டும்தான் கணக்கில் போடுகிறோம். எத்தனை சதுர அடி, எத்தனை கிரவுண்டு, எந்தத் திசை வாசல் எல்லாம் கேட்கிறோம். எத்தனை மணி நேரம் என்று கேட்பதே இல்லை. பொழுது நம் செலவுக் கணக்கில்கூட வருவதில்லை.

இப்போது என் கணக்கைச் சொல்கிறேன். 1998 முதல் 2016 வரை, பதினெட்டு வருஷம், கூடுவாஞ்சேரியிலிருந்து நுங்கம்பாக்கம் பக்கம் இருக்கும் என் கல்லூரிக்குப் போய் வந்தவன் நான். ரயிலேறினால் ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம். எண்ணிப் பாருங்க, சரியா பதினாறு! என் கல்யாணத்துல பெரியவங்க எல்லாம் "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க"ன்னு வாழ்த்தினாங்க. அந்தப் பதினாறு இந்தப் பதினாறுதான்னு அப்போ எனக்குத் தெரியாது! (சிரிப்பு, கைதட்டல்) பீச் - தாம்பரம் பாதையில் 2004-இல் மீட்டர் கேஜ் மின்சார ரயிலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். எனக்குத்தான் கொடுக்கவில்லை.

வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனில் காத்திருப்பது, ரயில், அப்புறம் நடை என்று எல்லாம் சேர்த்து, போக இரண்டு மணி, வர இரண்டு மணி. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். வருஷத்துக்கு 220 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 880 மணி நேரம். இருபத்து நாலால் வகுத்தால் முப்பத்தாறு நாளுக்கு மேல் வருகிறது. பகலும் இரவுமாக முப்பத்தாறு நாள், ஒவ்வொரு வருஷமும்! பதினெட்டு வருஷத்துக்கு 15,840 மணி. அதாவது 660 நாள். ஏறக்குறைய ஒரு வருஷம் பத்து மாசம் நான் குடியிருந்த இடம் கூடுவாஞ்சேரியும் இல்லை, நுங்கம்பாக்கமும் இல்லை. ஜன்னலோரம் கிடைத்தால் ஜன்னலோரம், கிடைக்காவிட்டால் கம்பி. அந்தக் குடியிருப்புக்குப் பட்டா கிடையாது நடுவர் அவர்களே!

எனக்காவது பையைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை மட்டும்தான். பெண்கள் பெட்டியைப் பாருங்கள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, கையில் சின்னக் கத்தி. பீன்ஸ் நறுக்குகிறார்கள், கீரை ஆய்கிறார்கள். ஒரு அம்மா நீளமான பையோடு இறங்கும்போது கேட்டேன், "என்னம்மா, வீட்ல சமையலறை இல்லையா?" அவங்க சொன்னாங்க, "இருக்கு சார், பெரிய மாடுலர் கிச்சன். ஆனா எட்டு மணிக்குப் போய் நறுக்க ஆரம்பிச்சா பசங்க தூங்கிடுவாங்க." பார்த்தீர்களா? சமையலறை ஊருக்கு வெளியே இருக்கிறது. பீன்ஸ் நறுக்குவது குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில்!

எதிரணித் தம்பி ஒரு வாதம் வைத்தார். "இனிமே தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. மெட்ரோ ரயில் வந்தாச்சு, கிளாம்பாக்கத்துல பஸ் நிலையமே வந்தாச்சு, ஊரே வெளியே வந்துடுச்சு" என்றார். உண்மைதான். மெட்ரோ 2015-இல் ஓட ஆரம்பித்தது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்தது. பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு தம்பி. ஆபீஸ் வரலையே! தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது 1931-இல். ரயில் வந்தால் என்ன ஆகும்? மனிதன் வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிடுவான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நாம் என்ன செய்தோம்? ரயில் எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு தூரம் தள்ளிப் போய் மனை வாங்கினோம். வண்டி மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரத்தை மனை சாப்பிட்டுவிட்டது.

இது நம்ம ஊர் சங்கதி மட்டுமல்ல. ஸ்டட்சர், ஃப்ரே என்று சுவிட்சர்லாந்தில் இரண்டு பொருளாதார அறிஞர்கள். ஜெர்மனி மக்களிடம் திரட்டிய விவரங்களை வைத்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பொருளாதார நூல்கள் என்ன சொல்கின்றன? ஒருவன் தூரமாகப் பயணம் செய்கிறான் என்றால் அதற்கு ஈடாக நல்ல வீடோ நல்ல சம்பளமோ கிடைத்திருக்கும், ஆகவே மனநிறைவு சமமாக இருக்கும் என்கின்றன. இவர்கள் பார்த்தபோது அப்படி இல்லை. பயண நேரம் கூடக்கூட வாழ்க்கையில் திருப்தி குறைகிறது. பெரிய வீடு அதை ஈடு கட்டவில்லை. எதிரணி நண்பர்களே, உங்கள் கூடுதல் படுக்கையறை, போன நேரத்தைத் திருப்பித் தரவில்லை என்பதுதான் இதன் பொருள்.

புத்தகத்தை விடுங்கள். என் வீட்டுக்கு வருகிறேன். கூடுவாஞ்சேரி வீடு என் அப்பா கட்டிய வீடு. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தையெல்லாம் போட்டு, தானே வாளியில் தண்ணீர் மொண்டு சுவருக்கு ஊற்றிக் கட்டினார். வாசலில் வேப்பமரம், அவர் வைத்தது. அவர் காலமான பிறகு அம்மா எங்களோடு இருந்தாங்க. நான் காலையில் ஆறரைக்குக் கிளம்புவேன். ராத்திரி எட்டு மணிக்கு வருவேன். அம்மா ஏழரைக்கே மாத்திரை போட்டுப் படுத்திடுவாங்க. 2016 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா விசேஷம்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "என்னமோ சொல்லணும்னு செவ்வாக்கிழமையே நெனச்சேன்டா. ஞாயித்துக்கிழமைக்குள்ள மறந்து போயிடுது"ன்னாங்க.

அவங்க குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாங்க. அப்போது அவங்களுக்கு வயது 78. ஒரே கூரைக்குக் கீழே, 1,400 சதுர அடியில், ஒரு தாய் மகனிடம் சொல்ல வேண்டியதை ஐந்து நாள் ஞாபகம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த வாரமே நானும் என் மனைவியும் மாம்பலத்தில் வீடு பார்க்கப் போனோம்.

புது ஃபிளாட் நமக்கு எட்டாது. பழைய ஃபிளாட்தான் எட்டியது. 1989-இல் கட்டியது, பன்னிரண்டு வீடு. தரைத் தளத்தில் ஒரு வீடு இன்னும் விலை குறைவாக இருந்தது. வாட்ச்மேன் நல்ல மனிதர். சுவரில் இடுப்புயரத்துக்கு விரலால் ஒரு கோடு காட்டினார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரம். சத்தம் போடாமல் முதல் மாடிக்கு ஏறிவிட்டோம். வீடு பார்க்கப் போகிறவர்கள் புரோக்கரைக் கேட்பதற்கு முன்னால் வாட்ச்மேனைக் கேளுங்கள்.

தாய்ப் பத்திரம், முப்பது வருஷ வில்லங்கச் சான்று, அனுமதி வாங்கிய வரைபடம், சொத்து வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு வக்கீலிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கேட்டது, நம் பேருக்கு வரும் பிரிபடாத பாகம் எவ்வளவு என்பதை. அடுக்குமாடியில் சுவர் வயசாகும், மண் வயசாகாது. பத்திரத்தில் உங்கள் பெயருக்கு எத்தனை சதுர அடி மண் எழுதியிருக்கிறதோ அதுதான் நாளைக்குச் சொத்து. "கட்டடம் பழசாயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று எதிரணி கேட்டது. தமிழ்நாட்டில் 2022-இல் வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துப் புதிதாகக் கட்டிக்கொள்ள வழி செய்திருக்கிறது. விலையோடு செலவு முடிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2023 ஏப்ரலிலிருந்து முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு ஒன்பது ரூபாய் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்தது வேலை! 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொன்ன பெரியவர்கள் பழைய ஃபிளாட்டைப் புதுப்பித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தப் பழமொழியில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கும்! மேஸ்திரி நாற்பத்தைந்து நாளில் முடிப்பதாகச் சொன்னார். மூன்று மாதம் ஆனது. தமிழில் காலம் மூன்று என்று நான் முப்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். மேஸ்திரிக்கு ஒரே காலம், எதிர்காலம். "நாளைக்கு வந்துடும் சார், நாளைக்கு முடிச்சுடலாம் சார்!" (சிரிப்பு) ஆறு லட்சம் என்று போட்ட கணக்கு ஏழரை லட்சத்தில் நின்றது. ஆகவே மேஸ்திரி சொல்லும் தொகையோடு கால் பங்கு சேர்த்து வையுங்கள், நாளோடு ஒரு பங்கு சேர்த்து வையுங்கள்.

எதை முதலில் செய்வது? கண்ணுக்குத் தெரியாததை. பழைய இரும்புக் குழாயைக் கழற்றினால் உள்ளே துருப்பிடித்து விரல் நுழைய இடமில்லை. அத்தனையும் மாற்றினோம். முப்பது வருஷத்து ஒயரை உருவிவிட்டு எர்த் கம்பியோடு புது ஒயர், மின்சாரம் கசிந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் கருவி போட்டோம். குளியலறையில் தரையைக் கான்கிரீட் வரைக்கும் கொத்தி எடுத்து, நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு பூசி, இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழ் வீட்டு மாமியிடம் போய் அவர் வீட்டுக் கூரையைப் பார்த்தேன். "பத்து வருஷமா எங்காத்துக் கூரையில உலகப் படம் வரைஞ்சிருந்தது. இனிமே வரையாதில்லையோ?"ன்னாங்க. ஒரு கண்டம்கூட வளரவில்லை. அதற்குப் பிறகுதான் டைல்ஸ். ஹாலில் பழைய மொசைக்கை உடைக்கவே இல்லை. பாலிஷ் போட்டோம், முகம் பார்க்கலாம். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த நாலரை அங்குலத் தடுப்பை மட்டும், என்ஜினீயர் வந்து பார்த்துச் சொன்ன பிறகு எடுத்தோம். தூணையும் உத்தரத்தையும் தொடவில்லை. பன்னிரண்டு குடும்பம் நிற்கும் தூண் அது. அம்மாவுக்காகக் குளியலறை வாசல் படியை எடுத்துவிட்டு, சுவரில் ஒரு கைப்பிடி வைத்தோம். அந்த ஏழரை லட்சத்தில் எனக்குப் பிடித்த செலவு அந்தக் கைப்பிடிதான்.

இழப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்பா கட்டிய வீட்டை விற்றுத்தான் இதை வாங்கினோம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவங்க சொன்னது இவ்வளவுதான்: "வித்துக்கோடா. வாங்கறவங்ககிட்ட அந்த வேப்பமரத்த மட்டும் வெட்ட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு." சொன்னேன். அவர்களும் தலையாட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். மரம் இருந்த இடத்தில் கார் நிற்கிறது. அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. எதிரணிச் சகோதரி வேப்பமரம் என்று சொன்னபோது எனக்கு வலித்தது. ஆனால் சகோதரி, பதினெட்டு வருஷமும் அந்த மர நிழலில் நான் உட்கார்ந்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

மாம்பலத்திலிருந்து இரண்டு ஸ்டேஷன். வாசலிலிருந்து வாசலுக்கு முப்பத்தைந்து நிமிஷம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆறு மணிக்கு விளக்கேற்றும் நேரத்தில் நான் வீட்டில் இருப்பேன். அம்மா பேசுவாங்க. என்ன பெரிய விஷயம்? இன்னைக்கு முருங்கைக்காய் என்ன விலை சொன்னான், மேல் வீட்டுக் குழந்தை தவழ ஆரம்பிச்சுடுச்சு, உங்க அப்பாவுக்கு ரசத்துல பூண்டு போட்டா ஆகாது. செவ்வாய்க்கிழமை விஷயம் செவ்வாய்க்கிழமையே என் காதுக்கு வந்தது. மூன்று வருஷம் அப்படிப் பேசினாங்க. 2019-இல் போய்ச் சேர்ந்தாங்க. அந்த மூன்று வருஷச் சாயங்காலத்தைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று எந்தப் பதிவு அலுவலகத்தில் மதிப்புப் போடுவார்கள் நடுவர் அவர்களே? (கைதட்டல்)

"எல்லாருக்கும் ஊருக்குள் வாங்கக் கட்டுப்படியாகுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாங்க முடியாதவர்கள் வெளியே இருக்கும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அந்த வாடகையோடு கொஞ்சம் போட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிக்கும் வரைக்குமாவது பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் குடியிருக்கலாம். சொந்த வீடு என்பது பத்திரத்தில் பெயர் இருக்கும் வீடு மட்டுமல்ல. பொழுதோடு போய்ச் சேர முடிகிற வீடு.

சங்க இலக்கியத்தில் முல்லைத் திணை. அதற்குரிய சிறுபொழுது மாலை. வினை முடித்த தலைவன் பாகனிடம் தேரை விரைந்து ஓட்டச் சொல்வான். வீட்டில் தலைவி காத்திருப்பாள். அவள் காத்திருந்தது கார்காலம் வரைக்கும்தான். நம்ம வீட்டுத் தலைவி தினமும் காத்திருக்கிறாள். முல்லைக்கு உரியது இருத்தல், பாலைக்கு உரியது பிரிதல். பாலைக்குத் தொல்காப்பியர் தனியாக நிலம் ஒதுக்கவில்லை. ஒதுக்கவும் தேவையில்லை. எந்த நிலத்திலும் பிரிவு வந்தால் அது பாலைதான். நாலு பக்கமும் தென்னையும் வாழையும் வைத்துவிட்டு, மனிதர்கள் இருட்டில் போய் இருட்டில் வந்தால் அந்த வீடும் பாலைதான். 680 சதுர அடியில் நாலு பேர் முட்டிக்கொண்டு உட்கார்ந்து ஆறு மணிக்குக் காபி குடித்தால் அது முல்லை!

ஆகவே, வீட்டை நிலத்தால் மட்டும் அளக்காமல் பொழுதாலும் அளந்து, குடும்பத்துக்கு நிம்மதி தருவது வேலைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வீடே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.